சமக்குறியில் தொடங்கலாம்: வேல்ஸ் விஞ்ஞானிகளை ஒரு குழந்தைக்குச் சொல்வது எப்படி?

என் தங்கை குடும்பம் கார்டிஃப் நகரத்தில் இருக்கிறது. அவள் மகளுக்கு எட்டு வயது, நாலாம் வகுப்பு. போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தாள். மார்ச் 1 புனித டேவிட் நாள். வேல்ஸ் பள்ளிகளில் அது பெரிய கொண்டாட்டம். சிறுமிகள் உயரமான கறுப்புத் தொப்பியும் சால்வையும் போட்டுக்கொண்டு போவார்கள், சட்டையில் டாஃபடில் பூ குத்திக்கொள்வார்கள். அந்த வாரம் வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு வேல்ஸ் விஞ்ஞானியைப் பற்றியோ கண்டுபிடிப்பாளரைப் பற்றியோ மூன்று நிமிடம் பேச வேண்டுமாம்.

"மாமா, லிஸ்ட் கிடைச்சிருக்கு. ஆனா ஒண்ணுமே புரியல, போர் அடிக்குது" என்றாள்.

லிஸ்ட்டைக் காட்டினாள். இன்னார், இந்த வருடம் பிறந்தார், இதைக் கண்டுபிடித்தார், இறந்தார். பன்னிரண்டு பெயர், பன்னிரண்டு வரி. எனக்கே போர் அடித்தது.

அது மட்டும் இல்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு இன்னொன்றும் சொன்னாள். வகுப்பில் ஒரு பையன், "நீ வெல்ஷ் இல்லையே, நீ இந்தியா விஞ்ஞானி யாரையாவது எடுத்துக்கோ" என்றானாம். அவள் பிறந்தது கார்டிஃப்தான். "நான் வெல்ஷா, இல்லையா மாமா?" என்று கேட்டாள். அப்போது என்னிடம் பதில் இல்லை. முதலில் லிஸ்ட்டைப் பார்ப்போம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் நான் படித்ததும், அவளிடம் சொல்லிப் பார்த்ததும்தான் இந்தக் குறிப்பு. எனக்கு நானே மூன்று விதி வைத்துக்கொண்டேன். ஒன்று, குழந்தையின் கைக்கு எட்டுகிற பொருளில் தொடங்க வேண்டும். இரண்டு, அந்த மனிதர் எந்த ஊர், எப்படி வாழ்ந்தார், எப்படி முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று, உண்மைக்கு மேல் ஒரு சொல்கூடச் சேர்க்கக் கூடாது. மூன்றாவதுதான் ரொம்பக் கஷ்டம்.

இரண்டு கோடு

முதலில் அவளுடைய கணக்கு நோட்டை எடுக்கச் சொன்னேன். "7 + 5 = 12. இதை சமக்குறி இல்லாம எழுது பார்ப்போம்."

"ஏழும் அஞ்சும் சேர்ந்தா பன்னிரண்டுக்குச் சமம்" என்று எழுதினாள். "இதே மாதிரி இருபது கணக்கு எழுது" என்றேன். நாலாவதிலேயே கை வலிக்கிறது என்று நிறுத்திவிட்டாள்.

இதே அலுப்புதான் ராபர்ட் ரெக்கார்டுக்கும் வந்தது. வேல்ஸின் தென்மேற்கு மூலையில், கடலோரத்தில் இருக்கும் டென்பி என்ற ஊரில் 1512 வாக்கில் பிறந்தவர். படித்தது மருத்துவம். 1557-ல் அவர் வெளியிட்ட அல்ஜீப்ரா புத்தகத்தில், "சமம்" என்று திரும்பத் திரும்ப எழுதுவதைத் தவிர்க்க இரண்டு இணைகோடுகளைப் போட்டார். ஏன் இணைகோடு? ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிட ஒன்றுக்கொன்று சமமான பொருள் வேறு இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். அவர் போட்ட கோடுகள் இன்று நாம் போடுவதைவிட நல்ல நீளம். உடனே எல்லோரும் எடுத்துக்கொள்ளவும் இல்லை. அடுத்த நூற்றாண்டில்தான் மெல்லப் பரவியது.

அவர் செய்த இன்னொரு வேலை எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. அந்தக் காலத்தில் படித்தவர்கள் லத்தீனில் எழுதினார்கள். ரெக்கார்ட் சாதாரண மக்கள் படிக்கிற மாதிரி ஆங்கிலத்தில் எழுதினார். 1543-ல் வந்த அவருடைய எண்கணிதப் புத்தகம் முழுக்க ஆசிரியரும் மாணவனும் பேசிக்கொள்ளும் உரையாடல். மாணவன் தப்புப் பண்ணுவான், கேள்வி கேட்பான், ஆசிரியர் திருத்துவார். நூறு வருடத்துக்கு மேல் அந்தப் புத்தகம் மறுபடி மறுபடி அச்சானது.

முடிவு சோகம். பெம்ப்ரோக் பிரபு என்ற பெரிய அதிகாரியோடு மோதினார். பிரபு அவதூறு வழக்குப் போட்டு ஜெயித்தார். ஆயிரம் பவுண்டு கட்டச் சொல்லித் தீர்ப்பு. கட்ட முடியாமல் 1558-ல் லண்டன் சிறையிலேயே இறந்துபோனார். அதாவது சமக்குறி வந்த மறு வருடம்.

இதைக் குழந்தையிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லிவிட்டேன். "பாவம் மாமா" என்றாள். அப்புறம் சமக்குறி போடும்போதெல்லாம் கொஞ்சம் நிதானமாகப் போடுகிறாள் என்று தங்கை சொன்னாள்.

தட்டும் நூலும்

அடுத்தது ஒரு சாப்பாட்டுத் தட்டு. குறுக்களவு 20 சென்டிமீட்டர். விளிம்பைச் சுற்றி நூல் வைத்து அளந்தால் 63 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த நூலைத் தட்டின் குறுக்கே மடித்து மடித்து வைத்தால் மூன்று தடவை போகும், கொஞ்சம் மிஞ்சும். பெரிய தட்டு, சின்ன மூடி, வளையல் எதை எடுத்தாலும் இதே மூன்றும் சொச்சமும்தான். அவள் வீட்டிலிருந்த எல்லா மூடிகளையும் அளந்து பார்த்துவிட்டாள்.

அந்தச் சொச்சம்தான் தகராறு. அதை எந்தப் பின்னத்திலும் சரியாக அடக்க முடியாது. 22/7 என்பதெல்லாம் கிட்டத்தட்ட சரி, அவ்வளவுதான். முழுசாக எழுத முடியாத எண்ணுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் வேலை சுலபம். 1706-ல் வட வேல்ஸின் ஆங்கில்சி தீவைச் சேர்ந்த வில்லியம் ஜோன்ஸ் அதற்கு π என்ற கிரேக்க எழுத்தைத் தம் புத்தகத்தில் பயன்படுத்தினார். இந்த விகிதத்தை எண்களால் ஒருநாளும் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது என்றும் எழுதினார். அதை லம்பெர்ட் நிரூபித்தது அரை நூற்றாண்டு கழித்து, 1760-களில். பிற்பாடு ஆய்லர் π-ஐ எடுத்துக்கொண்டதால் உலகம் முழுக்கப் பரவியது.

ஜோன்ஸ் பிறந்தது 1675-ல், ஒரு சின்னப் பண்ணைக் குடும்பத்தில். தர்மப் பள்ளியில் படித்தார். பையனுக்குக் கணக்கு நன்றாக வருகிறது என்று கண்ட உள்ளூர் நிலக்கிழார் குடும்பம் லண்டனில் ஒரு வணிகரின் கணக்குப்பிள்ளை வேலைக்கு ஏற்பாடு செய்தது. அங்கிருந்து கப்பலில் கணக்கு வாத்தியார். கடைசியில் நியூட்டனுக்கே நண்பர்.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. இவருடைய மகன் பெயரும் வில்லியம் ஜோன்ஸ்தான். கல்கத்தாவுக்கு நீதிபதியாக வந்து 1784-ல் ஆசியக் கழகத்தைத் தொடங்கி, சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று 1786-ல் சொன்னாரே, அவரேதான். மொழிக்குடும்பம் பற்றிப் படிக்கிறவர்களுக்கு மகனைத் தெரியும், கணக்குப் படிக்கிறவர்களுக்கு அப்பாவின் எழுத்தைத் தெரியும். இரண்டு பேரும் அப்பா பிள்ளை என்பது எனக்கே இப்போதுதான் தெரிந்தது.

தண்ணீரைப் பின்னோக்கி ஓட்டியவர்

தண்ணீருக்குள் மின்சாரம் செலுத்தினால் அது ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்ற இரண்டு வாயுக்களாகப் பிரியும். இது 1800-லேயே தெரிந்துவிட்டது. ஸ்வான்சியில் 1811-ல் பிறந்த வில்லியம் குரோவ் குழந்தை மாதிரி ஒரு கேள்வி கேட்டார். பிரிக்க மின்சாரம் செலவாகிறது என்றால், சேர்த்தால் மின்சாரம் திரும்ப வருமா?

வந்தது. நீர்த்த கந்தக அமிலத்தில் பிளாட்டினத் தகடுகள், ஒரு குழாயில் ஹைட்ரஜன், இன்னொன்றில் ஆக்சிஜன். இரண்டும் சேர்ந்து தண்ணீராக மாறும்போது கம்பியில் மின்சாரம் ஓடியது. 1842-ல் இப்படிப் பல குழாய்களைக் கோத்து ஒரு மின்கலமே செய்துவிட்டார். இன்று இதற்கு எரிபொருள் கலன் என்று பெயர். குரோவின் தொழில் வக்கீல், பிறகு நீதிபதி.

அவர் காலத்தில் அதனால் பெரிய பயன் இல்லை. நூறு வருடத்துக்கு மேல் சும்மா கிடந்த யோசனை, 1960-களில் விண்கலத்துக்குப் போனது. அப்போலோ விண்கலங்களுக்கு மின்சாரம் கொடுத்தது எரிபொருள் கலன்தான். கழிவாக வருவது வெறும் தண்ணீர், அதை விண்வெளி வீரர்கள் குடித்தார்கள். 1970-ல் அப்போலோ 13-ல் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது மூச்சுக்காற்றோடு மின்சாரமும் தண்ணீரும் சேர்ந்து போனது இதனால்தான். மூன்றுக்கும் ஒரே ஆக்சிஜன் இருப்புதான் ஆதாரம்.

"கரண்ட் போனா தண்ணியும் போயிடுமா?" என்றாள். மோட்டார் போட்ட வீட்டுக்காரர்களுக்குப் புதிய விஷயம் இல்லை. ஆனால் காரணம் வேறு என்று விளக்க வேண்டியிருந்தது.

விண்வெளி என்றதும் இன்னொருவரையும் சொன்னேன். டெக்வின் ராபர்ட்ஸ். ஆங்கில்சியில் ஒரு கிராமத்தில் 1925-ல் பிறந்து, விமானத் தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்தவர். பிறகு கனடாவில் ஒரு போர் விமானத் திட்டத்தில் வேலை. 1959-ல் அரசாங்கம் திட்டத்தையே ரத்து செய்ய, ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே நாளில் வேலை போனது. அவர்களில் சிலரை நாசா எடுத்துக்கொண்டது, ராபர்ட்ஸும் ஒருவர். அமெரிக்கா முதன்முதலில் மனிதர்களை விண்வெளிக்கு அனுப்பிய மெர்குரி திட்டத்தில், கலம் சரியான பாதையில் போகிறதா என்று தரையிலிருந்து கணித்துச் சொல்லும் அதிகாரி இவர். சினிமாவில் வரிசையாக மேஜை போட்டு, பெரிய திரை வைத்துக் காட்டுகிறார்களே, அந்தக் கட்டுப்பாட்டு அறையை வடிவமைத்ததிலும் பங்கு உண்டு.

கடிதத்தைக் கிழித்த கதை

இதைச் செய்து காட்டினால்தான் புரியும். அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். ஆறு துண்டாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் நம்பர் போட்டு, "அம்மாவுக்கு" என்றும் எழுதச் சொன்னேன். ஒரு துண்டு அப்பா வழியாக, ஒரு துண்டு படிக்கட்டு வழியாக, ஒரு துண்டு சமையலறை வழியாக. எந்தத் துண்டு முதலில் வந்தாலும் சரி, அம்மா நம்பர் பார்த்து ஒட்டிக்கொள்வாள். ஒன்று தொலைந்தால் "மூணாம் நம்பர் வரல, மறுபடி அனுப்பு" என்று கேட்டால் போதும். முழுக் கடிதத்தையும் திரும்ப எழுத வேண்டாம்.

இண்டர்நெட் இப்படித்தான் ஓடுகிறது. அந்தத் துண்டுக்கு பாக்கெட் என்று பெயர் வைத்தவர் டொனால்ட் டேவிஸ். ரோண்டா பள்ளத்தாக்கில், நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நடுவே இருக்கும் ட்ரியோர்க்கி ஊரில் 1924-ல் பிறந்தவர். அப்பா சுரங்க அலுவலகத்தில் குமாஸ்தா, மகன் பிறந்த சில மாதத்திலேயே இறந்துவிட்டார். அம்மா அவரையும், கூடப் பிறந்த இரட்டைத் தங்கையையும் தூக்கிக்கொண்டு இங்கிலாந்தில் இருந்த தன் சொந்த ஊருக்குப் போய்விட்டார்.

1965-ல் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருந்தபோது டேவிஸுக்கு இந்த யோசனை வந்தது. போன் பேசும்போது முழு லைனும் இரண்டு பேருக்கே சொந்தம். கம்ப்யூட்டர்கள் அப்படித் தொடர்ந்து பேசுவதில்லை. திடீரென்று கொஞ்சம் பேசும், பிறகு வெகுநேரம் சும்மா இருக்கும். லைன் வீண். துண்டு போட்டு அனுப்பினால் ஒரே லைனில் பலபேர் போகலாம்.

இங்கேதான் என் மூன்றாம் விதி. "இண்டர்நெட்டைக் கண்டுபிடித்தவர் ஒரு வெல்ஷ்காரர்" என்று சொல்லிவிட ஆசையாக இருக்கும். சொல்லக் கூடாது. அமெரிக்காவில் பால் பாரன் இதே யோசனைக்குத் தனியாக, சற்று முன்பே வந்துவிட்டார். பாக்கெட் என்ற பெயரும், கம்ப்யூட்டர் வலையமைப்புக்கு அதைக் கொண்டுவந்த விதமும் டேவிஸுடையது. 1967-ல் அவருடைய குழு அமெரிக்காவில் ஒரு மாநாட்டில் இதை விளக்கியது. அர்பாநெட்டைக் கட்டியவர்கள் அங்கேதான் அதைக் கேட்டு எடுத்துக்கொண்டார்கள். இதுவே போதிய பெருமை.

"பொண்ணுங்க யாருமே இல்லையா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பழைய லிஸ்ட்டில் பன்னிரண்டு பேரும் ஆண்கள்.

தெரேசா டில்வின் லெவெலின், 1834-ல் பிறந்தவர். ஸ்வான்சிக்குப் பக்கத்தில் பென்லெர்கேர் என்ற இடத்தில் அப்பாவுக்குப் பெரிய வீடு. மகளுக்கு நட்சத்திரத்தில் ஆர்வம் என்று தோட்டத்திலேயே ஒரு வானாய்வுக்கூடம் கட்டிக் கொடுத்தார். 1850-களில் அப்பாவும் மகளும் சேர்ந்து நிலாவைப் புகைப்படம் எடுத்தார்கள். நிலவொளி மங்கல் என்பதால் படம் பதிய வெகுநேரம் ஆகும். அதற்குள் நிலா நகர்ந்துவிடும். தொலைநோக்கியைத் தானாக நகர்த்தும் பொறி அவர்களிடம் இல்லை. நிலா நகர நகர தொலைநோக்கியை ஆடாமல் அசையாமல் கையால் நகர்த்தியது தெரேசா.

பிரான்சஸ் ஹோகன், பிரெக்கனில் 1843-ல் பிறந்தவர். டாக்டராக ஆசை. லண்டனில் பெண்களுக்குக் கதவு அடைத்திருந்தது. சுவிட்சர்லாந்தின் ஜூரிச் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1870-ல் டாக்டர் பட்டத்தோடு திரும்பினார். இந்தியாவுக்குப் பெண் மருத்துவர்கள் தேவை என்று 1882-ல் ஒரு கட்டுரையும் எழுதியிருக்கிறார்.

இதைச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன். தெரேசாவுக்கு வானாய்வுக்கூடம் கட்டிக் கொடுக்க வசதியான அப்பா இருந்தார். சுரங்கத் தொழிலாளி வீட்டில் நட்சத்திரம் பார்க்க ஆசைப்பட்ட பெண் யாராவது இருந்திருந்தால், அவள் பெயர் நமக்குத் தெரியாது.

பறந்தாரா, இல்லையா?

அவளுக்கு ரொம்பப் பிடித்தது பில் ஃப்ராஸ்ட் கதை. சாண்டர்ஸ்ஃபுட் என்ற கடலோர ஊரில் தச்சர். ஒரு பறக்கும் இயந்திரத்துக்கு 1894-ல் காப்புரிமை வாங்கினார். ரைட் சகோதரர்களுக்குச் சில வருடம் முன்பே அதில் ஏறிப் பறந்தார் என்றும், பிறகு புயலில் இயந்திரம் நொறுங்கிவிட்டது என்றும் ஊரில் சொல்வார்கள்.

"அப்ப இவர்தான் ஃபர்ஸ்ட்டா?"

காப்புரிமைப் பத்திரம் இருக்கிறது. பறந்ததற்கு அந்தக் காலத்துப் படமோ பத்திரிகைச் செய்தியோ இல்லை. பறந்திருக்கலாம், பறக்காமலும் இருந்திருக்கலாம். "பறந்தார்னு சொல்றாங்க" என்று சொல்லலாம், "பறந்தார்" என்று சொல்ல முடியாது. எட்டு வயதுக்கு இந்த வித்தியாசம் புரியுமா என்று எனக்குச் சந்தேகம். நன்றாகவே புரிந்தது. பிஸ்கட்டை யார் தின்றது என்ற வழக்கில் தம்பிக்கு எதிராக அன்றே பயன்படுத்திவிட்டாள்.

யார் வெல்ஷ்?

இப்போது முதல் கேள்வி. இதற்குப் பதிலை லிஸ்ட்டிலேயே தேடினோம்.

டேவிஸ் கைக்குழந்தையாகவே ஊரை விட்டுப் போனவர். குரோவும் ரெக்கார்டும் ஜோன்ஸும் பேர் வாங்கியது லண்டனில். ராபர்ட்ஸ் அமெரிக்காவுக்கே போய்விட்டார். ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ் (டார்வினுக்கு இணையாக, இயற்கைத் தேர்வுக் கொள்கைக்குத் தனியாக வந்து சேர்ந்தவர்) 1823-ல் உஸ்க் ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர், ஆனால் பெற்றோர் ஆங்கிலேயர். இவர்கள் எல்லோரையும் வேல்ஸ் தன் பிள்ளைகள் பட்டியலில் வைத்திருக்கிறது.

கடைசியாக பிரையன் ஜோசப்சன். 1940-ல் கார்டிஃபில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப்படிப்பும் கார்டிஃபில்தான். 22 வயதில், ஆராய்ச்சி மாணவராக இருக்கும்போதே, மிகைக்கடத்திகள் இரண்டுக்கு நடுவே மெல்லிய தடுப்பு இருந்தாலும் மின்னோட்டம் அதை ஊடுருவிப் போகும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அதற்காக 1973-ல் நோபல் பரிசு.

"அவங்க வீடும் வேற மாதிரி வீடா மாமா?"

"ஆமா. சாமி வேற, பண்டிகை வேற. ஊர் கார்டிஃப்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். 2022-லிருந்து வேல்ஸில் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில் கனெவின் என்று ஒரு வெல்ஷ் சொல்லை மையமாக வைத்திருக்கிறார்கள். நாம் வேரூன்றிய இடம், நமக்குப் பழகிப்போன இடம் என்கிற மாதிரி பொருள். அந்தச் சொல்லை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். பாடத்தில் வந்ததாம். அதை எப்படி உச்சரிப்பது என்று என்னை மூன்று தடவை திருத்தினாள்.

மூன்று நிமிடத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது ஜோசப்சனை இல்லை. அந்தத் தடுப்பு விஷயம் அவளுக்கும் சரியாகப் புரியவில்லை, எனக்கும் எளிமையாகச் சொல்லத் தெரியவில்லை. தெரேசாவை எடுத்துக்கொண்டாள். ஒரு அட்டைக் குழாயைக் கையில் பிடித்து, வகுப்பில் ஒரு பையனை நிலாவாக மெல்ல நடக்க விட்டு, ஒரு நிமிடம் முழுக்கக் குழாயை அவன் மேலேயே ஆடாமல் வைத்திருந்தாளாம்.

நிலாவாக நடந்தது யார் என்று கேட்டேன். "நீ வெல்ஷ் இல்லைன்னு சொன்னானே, அவன்தான்" என்றாள்.